வீடு திரும்பாத மாணவன்

பென்சில்வேனியாவில் கார்லைல் என்றால் பழைய கார்களின் ஊர். வருடத்தில் பலமுறை அங்கே கார் சந்தை கூடும், கூட்டம் அலைமோதும். 81-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து நானும் நண்பரும் அங்கே போனது 1918-லேயே மூடப்பட்டுவிட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்காக. கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளி. பூர்வகுடிக் குழந்தைகளை அவர்களுடைய குடியிருப்புகளிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய் வளர்ப்பதற்கென்று அமெரிக்க மத்திய அரசு நடத்திய முதல் விடுதிப் பள்ளி அதுதான்.

அங்கே படித்தவர்களில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் ஜிம் தார்ப். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்று, அதைப் பறிகொடுத்தவர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு மேல் நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அவர் கல்லறை இருக்கும் இடம் தெரிந்த பிறகுதான். தாம் வாழ்ந்தே இராத ஓர் ஊரில் அவர் புதைக்கப்பட்டிருக்கிறார். அந்த ஊரின் பெயரே இப்போது ஜிம் தார்ப். கார்லைலிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். பள்ளியில் தொடங்கிக் கல்லறையில் முடிப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

பள்ளி இருந்த இடம் இன்று ராணுவத்தின் வசம். பள்ளிக்கு முன்பும் அது படைத்தளம்தான்; மூடிய பிறகு மறுபடியும் ராணுவத்திடமே போனது. இப்போது அங்கே ராணுவப் போர்க் கல்லூரி நடக்கிறது. வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, விவரங்களைச் சரிபார்த்து, அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக முடியும். உள்ளே போனால் அப்படியொரு அமைதி. வெட்டிவிட்ட புல்வெளி, வெள்ளைச் சுவர் வீடுகள், பெரிய மரங்கள். தார்ப் ஓடிய மைதானத்துக்கு இன்னமும் இந்தியன் ஃபீல்ட் என்றுதான் பெயர். உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1777-இல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கு ஒன்று தடித்த கல்சுவர்களோடு நிற்கிறது. பள்ளி நடந்த காலத்தில் அது காவல் கொட்டடி. ஓடிப்போய்ப் பிடிபட்ட பிள்ளைகளையும் சொல்பேச்சுக் கேளாத பிள்ளைகளையும் அதற்குள்தான் அடைத்தார்கள். கல்லை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில். கல் சில்லென்று இருந்தது.

பள்ளியைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. புளோரிடாவில் ஒரு கோட்டையில் பூர்வகுடிக் கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். முடியை வெட்டி, சீருடை மாட்டி, ஆங்கிலம் கற்பித்தால் அவர்களை வெள்ளையர் சமூகத்தில் கரைத்துவிடலாம் என்று அங்கே அவருக்குத் தோன்றியது. அதையே குழந்தைகளிடம் செய்துபார்க்க 1879-இல் இந்தத் தளத்தைக் கேட்டு வாங்கினார். மனிதனைக் காப்பாற்ற வேண்டுமானால் அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றாக வேண்டும் என்பது அவர் மேடையேறிச் சொன்ன கொள்கை. அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு நள்ளிரவில் டகோட்டா பகுதியிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட லகோட்டா பிள்ளைகள் ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான லூதர் ஸ்டாண்டிங் பேர், பிற்காலத்தில் எழுத்தாளரானவர், தமக்குப் பெயர் கிடைத்த விதத்தை எழுதியிருக்கிறார். கரும்பலகை நிறைய வெள்ளைக்காரப் பெயர்கள். படிக்கத் தெரியாத பிள்ளை கையில் ஒரு குச்சியைக் கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வார்கள். தொட்டது எதுவோ அதுதான் அன்றிலிருந்து அவன் பெயர்.

39 ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்களைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். பாதி நாள் படிப்பு, பாதி நாள் தச்சு, தையல், சலவை, பண்ணை வேலை. விடுமுறைக்கும் வீட்டுக்கு விடாமல், சுற்றுவட்டார வெள்ளையர் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். ஹாஸ்டலில் வளர்ந்த நம்மூர்க்காரர்கள் பலருக்கும் முதல் மாதத்து ராத்திரிகள் மறந்திருக்காது. என்னோடு வந்த நண்பரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல்தான். “நமக்காவது பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம்னு ஒரு தேதி இருந்துச்சு சார்” என்றார். அதற்கு மேல் வெகுநேரம் அவர் பேசவில்லை.

படைத்தளத்தின் ஓரத்தில், கிளேர்மான்ட் சாலையை ஒட்டி ஒரு சின்ன மயானம் இருக்கிறது. பள்ளியில் இருந்தபோது இறந்துபோன பிள்ளைகளின் மயானம். காசநோயும் நிமோனியாவும் கொண்டுபோனவர்களே அதிகம். முதலில் வேறிடத்தில் இருந்ததை 1927-இல் ராணுவம் தோண்டி இங்கே மாற்றியது. மாற்றியபோது சில அடையாளங்கள் தவறிப்போயின. போர்வீரர்களுக்கு வைப்பது போன்ற வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இனக்குழு, இறந்த தேதி. சிலவற்றில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாதவர்’. வயது பொறிக்காததால் முதல் பார்வைக்குச் சிப்பாய்களின் கல்லறை என்றே நினைக்கத் தோன்றும். குனிந்து பார்த்தால்தான் கல்லின் காலடியில் இருப்பதெல்லாம் தெரிகிறது: பாசிமணிச் சரம், சிவப்புத் துணியில் முடிந்த புகையிலை, கிளிஞ்சல், ஒரு பிளாஸ்டிக் குதிரை, மழையில் நனைந்து காய்ந்து நிறம் போன கரடி பொம்மை. தங்கள் ஊர்க் குழந்தைகளைப் பார்க்க வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போவது. நூறு வருடத்துக்கு முன் இறந்த குழந்தைக்கு இன்றைக்கும் ஒருவர் கடைக்குப் போய்ப் பொம்மை வாங்கியிருக்கிறார். அந்தக் குதிரையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் பிட் தெருவில் கம்பர்லேண்ட் மாவட்ட வரலாற்றுச் சங்கம் இருக்கிறது. ஜான் சோட் என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் எடுத்த பள்ளிப் படங்கள் அங்கே சேகரத்தில் உள்ளன. வந்த அன்று ஒரு படம், சில காலம் கழித்து ஒரு படம். டாம் டார்லினோ என்ற நவாஹோ இளைஞரின் ஜோடிப் படம் மிகவும் பிரபலம். முதல் படத்தில் நீண்ட கூந்தல், காதில் வளையம், கழுத்தில் மணிமாலை. இரண்டாவதில் ஒட்ட வெட்டிய முடி, கோட்டு, டை. முகத்தின் நிறம்கூட இரண்டாவதில் வெளுத்துத் தெரிகிறது. ஒளியமைப்பிலேயே அப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நன்கொடை திரட்டவும் அரசியல்வாதிகளிடம் காட்டவும் இந்தப் படங்கள் பயன்பட்டன.

ஜிம் தார்ப் கார்லைலுக்கு வந்தது 1904-இல். அதற்கு முன்பே அவர் விடுதிப் பள்ளிகளில் அடிபட்டவர். இன்றைய ஓக்லஹோமாவில் பிரேக் என்ற ஊருக்குப் பக்கத்தில், சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தில் பிறந்தவர். தாய் வைத்த பெயர் வா-தோ-ஹக். சார்லி என்று ஓர் இரட்டைச் சகோதரன். இருவரையும் இனக்குழுவின் பகுதியிலேயே இருந்த அரசு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒன்பது வயதுவாக்கில் சார்லி அங்கே நோயில் விழுந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு ஜிம் அந்தப் பள்ளியில் தரிக்கவில்லை; திரும்பத் திரும்ப வீட்டுக்கு ஓடினான். ஒருமுறை அப்பா அவனைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினாராம். அவர் சுற்றுவழியில் வீடு வந்து சேர்வதற்குள் பையன் குறுக்குவழியில் மைல் கணக்கில் ஓடி வந்து முன்னால் நின்றானாம். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் சொல்லும் கதை இது. ஓட்டப்பந்தயத்தில் அவர் காட்டிய வேகத்துக்கு இதைத் தொடக்கமாகக் காட்டுவார்கள். எனக்கு அந்தப் பையன் எதை விட்டு ஓடினான் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. கூடப் பிறந்தவன் செத்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னால் எந்தக் குழந்தைதான் ஓடாது?

ஓடிவரும் பிள்ளையை எளிதில் ஓடிவர முடியாத தூரத்துக்கு அனுப்புவதுதான் அப்பா கண்ட வழி. முதலில் கான்சாஸில் ஹாஸ்கெல் பள்ளி, பிறகு கார்லைல். கார்லைலுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அப்பாவும் இறந்துவிட்டார். தாய் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போய்விட்டிருந்தார். ஆக, திரும்பி ஓட வீடு என்று ஒன்று இல்லாமல் போன பிறகுதான் தார்ப் கார்லைலில் தங்கினார். அவர் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டி விறுவிறுவென்று ஸ்டாக்ஹோமுக்குப் போய்விடுவார்கள். நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். தையல் கூடத்தில் வேலை. பண்ணைகளுக்குக் கூலிக்கு அனுப்பப்பட்ட மாதங்கள். பேச ஆளில்லாத பதினாறு, பதினேழு வயது. பிறகு 1907-இன் ஒரு மாலை. மைதானத்தில் உயரம் தாண்டும் பயிற்சி நடக்கிறது. ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் கம்பு. பள்ளி அணிக்காரர்களே தட்டிவிடுகிறார்கள். வேலை உடுப்போடு வந்த ஒரு பையன், நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறான். மறுநாள் பயிற்சியாளர் பாப் வார்னர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

1911-இல் கார்லைல் அணி ஹார்வர்டை அமெரிக்கக் கால்பந்தில் 18-15 என்று வென்றது. காயம்பட்ட காலில் கட்டோடு தார்ப் நான்கு ஃபீல்ட் கோல் அடித்தார். 1912 நவம்பரில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை 27-6 என்று தோற்கடித்தார்கள். எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் பிற்காலத்தில் ஜனாதிபதியான ஐசனோவர். வூண்டட் நீயில் ராணுவம் லகோட்டா மக்களைச் சுட்டுக் குவித்து அப்போது 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த மைதானத்தில் நின்ற பதினொரு பையன்களுக்கும் எதிரே இருப்பது யார் என்று சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. அதே பள்ளியில் வணிகப் பாடம் நடத்திய இளம் ஆசிரியை மேரியன் மூர். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய கவிஞர். தார்ப்பை மரியாதை தெரிந்த, இனிமையான மாணவராக அவர் கடைசிவரை நினைவுகூர்ந்தார்.

கார்லைலை விட்டு வடக்கே போகும்போது சாலை மலைகளுக்குள் நுழைகிறது. அக்டோபர் மாதம்; இலைகள் எல்லாம் செம்பு நிறம். டமாக்வா, லான்ஸ்ஃபோர்ட் என்று பழைய நிலக்கரி ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கரித்தூசி படிந்த செங்கல் வீடுகள், மூடிக் கிடக்கும் கடைகள், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தேவாலயக் கோபுரம். இந்தப் பாதையில் எனக்கு லூயிஸ் டெவானிமாவின் நினைவும் கூடவே வந்தது. அரிசோனாவின் ஹோப்பி இனத்தவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த குழுவைச் சேர்ந்தவர் என்பதற்காகப் பிடித்து, 1907-இல் கார்லைலுக்குக் கொண்டுவரப்பட்டவர். அவரும் தார்ப்போடு ஸ்டாக்ஹோம் போய் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பள்ளி நாட்கள் முடிந்ததும் நேரே ஊருக்குத் திரும்பி, ஆடு மேய்த்து, பயிர் வைத்து, 1969-இல் தம் மக்களிடையே இறந்தார். தார்ப்புக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது.

ஸ்டாக்ஹோம் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டி நேரத்தில் காலணி காணாமல் போக, கையில் கிடைத்த பொருத்தமில்லாத இரண்டு காலணிகளை மாட்டிக்கொண்டு நிற்கும் படம் இருக்கிறது. டெகத்லானில் இரண்டாவதாக வந்த ஸ்வீடன் வீரர் ஹ்யூகோ வீஸ்லாண்டரைவிட 700 புள்ளிகளுக்குக் கொஞ்சம்தான் குறைவாக முந்தினார். திரும்பியதும் கார்லைல் ஊரே ஊர்வலம் எடுத்தது. 1913 ஜனவரியில் பத்திரிகையில் செய்தி வந்தது: 1909, 1910 கோடைகளில் தார்ப் வட கரோலினாவில் சொற்பச் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியிருக்கிறார், ஆகவே அவர் அமெச்சூர் இல்லை. ஆட்சேபம் எழுப்ப விதிப்படி 30 நாள்தான் அவகாசம். அது எப்போதோ முடிந்திருந்தது. அதை ஒருவரும் சொல்லவில்லை. கல்லூரிப் பையன்கள் பலர் புனைபெயரில் அதே வேலையைச் செய்தார்கள். தார்ப் சொந்தப் பெயரில் ஆடியதுதான் வித்தியாசம். அவரை வைத்துப் பேரும் பணமும் சம்பாதித்த பள்ளி நிர்வாகமும் வார்னரும் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று கைவிரித்தார்கள். தகப்பன் இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்ட பள்ளி அது. இந்தக் கைவிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. மறு ஆண்டே அமெரிக்க காங்கிரஸ் குழு ஒன்று பள்ளியை விசாரித்தது; கண்காணிப்பாளர் ஃப்ரீட்மன் பதவி இழந்தார், வார்னரும் வேறு கல்லூரிக்குப் போனார். பதக்கம் மட்டும் வரவில்லை. 1982-இல் கூட்டு வெற்றியாளர் என்றார்கள். தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொள்ள 2022 ஆயிற்று. வீஸ்லாண்டர் தமக்குத் தரப்பட்ட தங்கத்தைத் தமதென்று ஒருநாளும் ஏற்றதில்லை என்று அவர் குடும்பத்தார் உறுதிப்படுத்தினார்கள். முகம் தெரியாத அந்த ஸ்வீடன்காரர் மீது எனக்குப் பெரிய மதிப்பு.

ஜிம் தார்ப் நகரம் லீஹை ஆற்றின் ஓரத்தில், செங்குத்தான மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. அழகான ஊர். நிலக்கரி முதலாளிகளின் மாளிகைகள், கல் பாவிய குறுகிய தெருக்கள், மலைப்பாதை ரயில், தொழிலாளர் போராட்டக் காலத்தில் மாலி மக்வயர்ஸ் என்ற ஐரிஷ் சுரங்கத் தொழிலாளர்களைத் தூக்கிலிட்ட பழைய சிறை. இலை பார்க்க வந்த கூட்டத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கல்லறை இந்தச் சந்தடியில் இல்லை. ஆற்றைக் கடந்து கிழக்கு மேட்டில் ஏறி, 903-ஆம் சாலையோரம் போக வேண்டும்.

சாலையோரப் புல்வெளியில், செந்நிறக் கிரானைட்டில் பெரிய பேழை. நான்கு பக்கமும் அவர் ஆடிய விளையாட்டுகளின் உருவங்கள் கோட்டோவியமாகச் செதுக்கியிருக்கின்றன. உலகிலேயே சிறந்த வீரர் நீங்கள்தான் என்று ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அவரிடம் சொன்னதாக வழங்கும் வார்த்தைகள் ஒரு பக்கம். சற்றுத் தள்ளி வெண்கலச் சிலைகள். ஓக்லஹோமாவிலிருந்தும் ஸ்டாக்ஹோம் மைதானத்திலிருந்தும் கொண்டுவந்த மண்ணை இங்கே இட்டிருக்கிறார்கள். புல் ஒழுங்காக வெட்டியிருந்தது, குப்பை ஒன்றுகூட இல்லை. ஊர்க்காரர்கள் அக்கறையோடுதான் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் இங்கே வந்த கதைதான் தாங்க முடியாதது. விளையாட்டு ஓய்ந்த பிறகு பள்ளம் தோண்டினார், சினிமாவில் துணை வேடம் கட்டினார், கப்பலில் வேலை பார்த்தார். 1950-இல் அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் என்று பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே உதட்டுப் புற்றுநோய்க்குத் தர்ம சிகிச்சை எடுத்துக்கொள்ளும் நிலை. 1953 மார்ச் 28 அன்று கலிபோர்னியாவில் ஒரு டிரெய்லர் வீட்டில் மாரடைப்பில் இறந்தார். உடலை ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோய், சாக் அண்ட் ஃபாக்ஸ் முறைப்படி இறுதிச் சடங்கு தொடங்கினார்கள். சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய மூன்றாவது மனைவி போலீஸோடும் அமரர் ஊர்தியோடும் வந்து உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓக்லஹோமா அரசு நினைவிடம் கட்டும் என்று இருந்த நம்பிக்கையும் ஆளுநரின் மறுப்பில் முடிந்திருந்தது. அதே காலத்தில் இங்கே மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்ற இரண்டு சிற்றூர்கள் நிலக்கரி படுத்துப்போனதால் தவித்துக்கொண்டிருந்தன. தொழில் கொண்டுவர, வாரம் ஆளுக்கு ஐந்து சென்ட் என்று நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கும் ஊர்களுக்கும் ஒப்பந்தம் ஆனது: உடலை இங்கே புதைப்பது, நினைவிடம் கட்டுவது, இரண்டு ஊரும் இணைந்து அவர் பெயரை ஏற்பது. 1954-இல் மக்கள் வாக்களித்து அப்படியே நடந்தது. எதிர்பார்த்த மருத்துவமனையும் கால்பந்து அருங்காட்சியகமும் வரவேயில்லை.

2010-இல் மகன் ஜாக் தார்ப் வழக்குப் போட்டார். பூர்வகுடி மக்களின் எச்சங்களைத் திருப்பித் தரச் சொல்லும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அருங்காட்சியகங்களுக்குப் பொருந்தும். மத்திய அரசு நிதி பெற்று ஒரு பூர்வகுடியின் உடலை வைத்திருக்கும் நகரமும் அந்தச் சட்டத்தின்படி அருங்காட்சியகம்தான் என்பது வாதம். வழக்கு நடக்கும்போதே ஜாக் இறந்துவிட, சகோதரர்கள் தொடர்ந்தார்கள். 2013-இல் மாவட்ட நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது: சட்டப்படியான மனைவி புதைத்த இடத்தைக் கலைக்க இந்தச் சட்டம் வரவில்லை என்றது. 2015-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை. பேரப்பிள்ளைகளில் சிலர், தாத்தா இங்கேயே நிம்மதியாக இருக்கட்டும் என்றவர்கள். அவர்கள் அன்பையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் பாதியில் நின்ற அந்தச் சடங்கு என்னை விடவில்லை. பிள்ளைகளே கேட்டார்கள், இனக்குழுவும் கேட்டது. வேறென்ன வேண்டும்?

கார்லைல் மயானத்திலிருந்து இப்போது பிள்ளைகள் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். 2017-இல் வயோமிங்கின் அரபஹோ மக்கள் தங்கள் சிறுவர்களைத் தேடி வந்தார்கள். 2015-இல் ரோஸ்பட் லகோட்டா இளைஞர்கள் சிலர் வாஷிங்டன் கூட்டம் ஒன்றுக்குப் போய்த் திரும்பும் வழியில் அந்த மயானத்தில் இறங்கியவர்கள், இவர்களை ஏன் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று ஊரில் போய்க் கேட்டார்கள். ஆறு வருடம் விடாமல் கேட்டார்கள். 2021 கோடையில் ஒன்பது பிள்ளைகளின் எச்சங்கள் ராணுவத்தின் செலவில் தோண்டி எடுக்கப்பட்டு, கார் வரிசையில் தெற்கு டகோட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தன. வழியெல்லாம் மக்கள் நின்றார்கள். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தன் மயானத்துக்குப் பொருந்தாது என்பதுதான் ராணுவத்தின் நிலை. இருந்தும் நெருங்கிய உறவினர் கேட்டால் தன் விதிப்படி தருகிறது. அந்த விதி போதாது என்று வின்னபேகோ மக்கள் 2024-இல் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பழைய பள்ளி வளாகம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தார்ப்புக்கு நீதிமன்ற வழி அடைபட்டுவிட்டது. இனி அந்த ஊர் தானாக மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. பெயரை வைத்துக்கொள்ளட்டும், சிலைகளை வைத்துக்கொள்ளட்டும். எழுபது வருடம் பராமரித்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. உடலை மட்டும் ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட வேண்டும். வருகையாளர் நோட்டு ஏதாவது இருந்தால் இதை எழுதிவிட்டுப் போகலாம் என்று தேடினேன், கண்ணில் படவில்லை. ஊர் திரும்பியதும் அந்த நகர மன்றத்துக்கே கடிதமாக எழுதி அனுப்பினேன்.